மாட்டு வண்டித் தண்ணீர்!

சிங்கப்பூர் போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம். ஆளாளுக்கு லிஸ்ட் கொடுத்துவிட்டார்கள். கோடாலித் தைலம் பதினெட்டு பாட்டில், டைகர் பாம் ஒன்பது, எதிர் ஃபிளாட் மாமிக்கு ஒரு நகவெட்டி (தாம்பரத்தில் கிடைக்காதாம்!).

எதுவுமே கேட்காத ஒரே ஆள் என் அப்பா. கேட்டுத்தான் என்ன பிரயோஜனம்? அவர் என்னென்ன சாப்பிடக் கூடாது என்று முழு நீளத்தில் ஒரு பேப்பர் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் அடியேன்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஊரைப் பார்ப்போம்.

பி.காம். படித்தபோது எனக்கு ரூம்மேட்டாக இருந்தவன் அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். டிக்கெட் போட்டுக் கூப்பிட்டுவிட்டு, நான் போய் இறங்கிய அன்றைக்கே "ஆபீஸ்ல இயர் எண்டிங்டா" என்று கம்பி நீட்டிவிட்டான். ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவன் மனைவி தலையில் விழுந்தது. நாகர்கோவில் பெண். டயாலிசிஸ் சென்டர் ஒன்றில் நர்ஸ். என்னை "அண்ணே" என்பார்.

"எனக்கே சைனா டவுன் சரியாத் தெரியாதுண்ணே. பக்கத்து வீட்டு அங்கிளையும் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

அங்கிள், எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். ஒல்லி உடம்பு. அவர் பேசும் இங்கிலீஷில் எல்லா வாக்கியத்துக்கும் கடைசியில் 'லா' என்று ஒரு வால் இருக்கும். நமக்கு அது சட்டப் படிப்பு, அவருக்கு முற்றுப்புள்ளி.

சைனா டவுன் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் பகோடா ஸ்ட்ரீட். ஏதோ புத்தர் கோயில் வரப் போகிறது என்று செல்போன் காமிராவைத் தயாராக வைத்துக்கொண்டு நடந்தால், தெருக்கோடியில் நிற்கிறது நம்ம ஊர் ராஜகோபுரம்! ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827-ல் நாராயண பிள்ளை என்பவர் ஆரம்பித்தது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அதன் கோபுரத்தைத்தான் அந்தக் காலத்தில் 'பகோடா' என்று சொல்லி, தெருவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

அங்கிள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒரு கும்பிடு போட்டார். "இந்த இடத்துக்குச் சீனத்தில் என்ன பேர் தெரியுமா? நியூ சே ஷுய். மாட்டு வண்டித் தண்ணீர் லா!" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிக்குக் குடிதண்ணீர் மாட்டு வண்டியில்தான் வந்ததாம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"இப்போ குழாயைத் திறந்தா தண்ணி. ஆனா எனக்குக் குடிக்கத்தான் பர்மிஷன் இல்லை லா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரியவில்லை.

புரிந்தது சாப்பாட்டு மேஜையில்தான்.

சைனா டவுன் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கும் உணவங்காடி நிலையம், சிங்கப்பூரிலேயே பெரியது. இருநூறுக்கு மேல் கடைகள். நம்ம ஊர் பொருட்காட்சியில் அப்பளக் கடைகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரே ஹாலில் அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி! 2020-ல் யுனெஸ்கோவே இந்தக் கடைச் சாப்பாட்டுக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அங்கிள் ஒரு கடையில் போய் என்னமோ நீளமாகச் சொல்லி மீன் உருண்டை நூடுல்ஸ் வாங்கிவந்தார். நூடுல்ஸ் தனி, சூப் தனி. உட்கார்ந்ததும் சூப்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். ஆறு உருண்டையில் நாலை என் தட்டில் போட்டார். நான் நெகிழ்ந்து போனேன். பார்த்து அரை நாள்கூட ஆகவில்லை, என்ன பாசம்!

நர்ஸ் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது பாசம் இல்லண்ணே, டயட்! அங்கிளுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நூடுல்ஸ்ல இருக்கற உப்புல பாதிக்கு மேல சூப்புலதான் இருக்கும். உருண்டையிலயும் உப்பு."

ஆக, அவருக்கு ஆகாததெல்லாம் எனக்கு விருந்து! இருந்தாலும் சூப் பிரமாதம்.

அங்கிள் வீட்டுக்குக் கீழேயே டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. அங்கே வீவக அடுக்குமாடிகளில் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் தேசிய சிறுநீரக அறநிறுவனம் டயாலிசிஸ் நிலையங்களை நடத்துகிறது. தீவு முழுக்க நாற்பதுக்கு மேல். அவர்களுடைய முதல் நிலையம் 1982-ல் ஆரம்பித்த இடம், நம்ம ஆட்கள் புழங்கும் சிராங்கூன் ரோட்டில் உள்ள குவோங் வாய் ஷியூ ஆஸ்பத்திரி. குவாங்டாங்கிலிருந்து பிழைக்க வந்த ஏழைச் சீனர்களுக்காக 1910-ல் தொடங்கியது அது.

"உங்களுக்கு எப்படி அங்கிள் கிட்னி போச்சு?" என்றேன். (பேட்டி எடுக்கும் புத்தி எங்கே போகும்?)

"சர்க்கரை வியாதி லா. முதல்ல ஒரு இடத்துல எனக்கு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. சீஸ் சாப்பிடாதே, அவகாடோ சாப்பிடாதே, உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிடாதேன்னு எழுதியிருந்தது. நான் பிறந்ததுலேர்ந்து சீஸ் சாப்பிட்டதே இல்லை. அப்போ எனக்கு ஆபத்தே இல்லைன்னு சந்தோஷமா இருந்தேன் லா!"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சோயா சாஸ், உப்பு முட்டை, ஊறவைத்த கடுகுக்கீரை, மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சூப் என்று அவர் நிஜமாகச் சாப்பிட்ட எதுவும் அந்தப் பேப்பரில் இல்லை. இல்லாததை எல்லாம் 'சாப்பிடலாம்' என்றே எடுத்துக்கொண்டார். ஒருநாள் நெஞ்சு படபடத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "உங்க ரத்தத்தில் ஜியா அதிகம்" என்றார்களாம்.

'ஜியா' என்றால் மாண்டரின் சீனத்தில் பொட்டாசியம். 'போலி' என்பதற்கும் அதே உச்சரிப்புதான். எழுத்து மட்டும்தான் வேறு. அங்கிள் வீட்டில் பேசுவது ஹாக்கியன். 1979-ல் அரசாங்கம் 'மாண்டரின் பேசுங்கள்' இயக்கம் ஆரம்பித்த பிறகு அவரும் சமாளித்துப் பேசக் கற்றுக்கொண்டார். பொட்டாசியம் வரைக்கும் கற்கவில்லை.

"என் ரத்தத்துல போலி எப்படி வந்ததுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன் லா!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. "சமூக மன்றத்துல அங்கிள் மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சாப்பாட்டு வகுப்பு இருக்கு. வர்றீங்களா?" என்று தங்கச்சி கேட்டார். எனக்கோ அன்றைக்கு சென்டோசா போக ஆசை. இருந்தாலும், சூப் கொடுத்த மகராசன் ஆயிற்றே!

ஏ.சி. ஹாலில் முப்பது பேர். பாதி நோயாளிகள், பாதி அவர்கள் வீட்டுக்காரிகள். கண்ணாடி போட்ட சின்ன வயசு டயட்டீஷியன் பெண். சுவரில் போர்டு கிடையாது, படம் காட்டும் மெஷின் கிடையாது. மேஜை மேல் சோற்றுக் கிண்ணம், பீங்கான் ஸ்பூன், சோயா சாஸ் பாட்டில், ஒரு சிங்காரச் சின்னக் கோப்பை. நம்ம ஊர் கொலு மாதிரி!

பிரசங்கம் வரும் என்று கொட்டாவிக்குத் தயாரானேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி... வெறும் கஞ்சி" என்றார் முதல் ஆள். அடுத்தவரும் கஞ்சி. ஏழு பேர் வரிசையாகக் கஞ்சி! இன்கம்டாக்ஸ் ரிட்டர்னில்கூட இவ்வளவு ஒற்றுமையாக யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. டயட்டீஷியன் கோபப்படவில்லை. "சரி, கஞ்சிக்குத் தொட்டுக்க?" என்றார். ஹாலே சிரித்தது. அதற்கப்புறம் வெளியே வந்தன, உப்பு முட்டையும் புளித்த டோஃபுவும் முள்ளங்கி ஊறுகாயும்.

மாண்டரினும் ஹாக்கியனும் கலந்து வகுப்பு ஓடியது. டயட்டீஷியனுடன் வந்திருந்த இன்னொரு சீன நர்ஸ் இங்கிலீஷில் சொல்ல, நம்ம தங்கச்சி எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று கை மாறி வந்தும் விஷயம் கெடவில்லை.

முதல் விஷயத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். (வாலிப வாசகர்களும் நிமிரலாம்!) சீன வைத்தியத்தில் 'ஷென்' என்றால் வெறும் கிட்னி இல்லை. எலும்பு, முடி, காது, முக்கியமாக ஆண்மை, எல்லாவற்றுக்கும் அதுதான் மூலதனம். அதனால் "எனக்கு ஷென் சரியில்லை" என்று ஒரு ஆம்பிளை சொன்னால், கேட்கிறவர் ஒருமாதிரியாகப் பார்ப்பார். கிட்னி வியாதியை ஆபீஸிலும் சொல்லாமல், சில சமயம் வீட்டிலும் சொல்லாமல் மறைக்கிறவர்கள் உண்டு.

எந்த உறுப்பு பழுதோ அதே உறுப்பைச் சாப்பிட்டால் பலம் என்று ஒரு நம்பிக்கை. உடனே பன்றிக் கிட்னி சூப்! கிட்னிக்குரிய நிறம் கறுப்பு என்பதால் கறுப்பு எள், கறுப்பு பீன்ஸ். கிட்னிக்குரிய சுவை எது தெரியுமா? உப்பு! பெண்டாட்டி பாசத்தோடு செய்து போடுவதெல்லாம் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சோடியமுமாகப் போய்ச் சேரும்.

அந்தப் பெண் இதை மூடநம்பிக்கை என்று திட்டவே இல்லை. "அது பழுதாகாத கிட்னிக்குச் சொன்னது. கடையில் வியாபாரம் நடக்கும்போது சரக்கு வந்தால் லாபம். ஷட்டர் மூடின கடை வாசலில் லாரி லாரியாக இறக்கினால்?" என்றார். எனக்குள் இருந்த பி.காம். கைதட்டினான்.

அப்புறம் கொலு பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்.

சோயா சாஸ்: ஒரு டேபிள் ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 2,000-க்குள் என்கிறது. இரண்டு ஸ்பூன் ஊற்றினால் கிட்டத்தட்ட அன்றைய பட்ஜெட் காலி. "ஊற்றாதீங்க. ஒரு துளித் தட்டில் விட்டு, குச்சி நுனியால் தொட்டுக்குங்க" என்றார். சாஸை நிறுத்து என்று சொல்லவில்லை. சாஸ் இல்லாத சீனச் சாப்பாடு, சாம்பார் இல்லாத இட்லி.

காய்கறி: நிறையத் தண்ணீரில் கீரையைக் கொதிக்கவிட்டு எடுப்பது கேன்டனீஸ்காரர்களுக்குப் பாட்டி காலத்துப் பழக்கம். பொட்டாசியம் நிறையவே தண்ணீரில் இறங்கிவிடும். ஆனால் அந்தத் தண்ணீரை 'சத்து' என்று குடித்துவிடுகிறார்கள். "பழக்கத்தில் பாதி நல்லது. அதை வச்சுக்குங்க. தண்ணீரை மட்டும் கொட்டுங்க."

தாகம்: தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்களுக்கு, இங்கிலீஷ் நோட்டீஸ்களில் 'ஐஸ் கட்டியைச் சப்புங்கள்' என்று போட்டிருக்கும். சீனப் பெரியவர்களிடம் அது நடக்காது. சில்லென்று எது உள்ளே போனாலும் உடம்புக்கு ஆகாது, வெந்நீர்தான் சர்வரோக நிவாரணி என்பது அவர்கள் கட்சி. (சூடு, குளிர்ச்சி என்று பார்ப்பதில் நம்ம பாட்டிகளும் அவர்களும் ஒரே ஜாதகம்!) இங்கேதான் அந்தச் சிங்காரக் கோப்பை வந்தது. டியோச்சூ சீனர்கள் டீ குடிக்கும் கோப்பை. இரண்டு மடக்குக்கு மேல் பிடிக்காது. "தண்ணீரையும் இதிலேயே குடிங்க. ஊற்றி ஊற்றிக் குடிக்கும்போது நிறையக் குடித்த திருப்தி இருக்கும்." கஞ்சியும் சூப்பும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்று அவர் சொன்னதும் ஏழு கஞ்சிக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பழம்: மொழிபெயர்த்த ஒரு பழைய நோட்டீஸை எடுத்துக் காட்டினார். 'அரை பேரிக்காய் நீங்கள் சாப்பிட்டு, மீதியைத் துணைவருக்குக் கொடுங்கள்.' படித்ததும் பாட்டிகள் எல்லாம் "ஐயோ!" என்றார்கள். பேரிக்காய்க்கு மாண்டரினில் 'லீ'. பிரிவுக்கும் 'லீ'. புருஷன் பெண்டாட்டி பேரிக்காயைப் பங்கு போட்டால் பிரிந்துவிடுவார்கள் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்புதான். டைவர்ஸ் நோட்டீஸாக ஆகிவிட்டது! ஆப்பிள் என்று போட்டிருந்தால் தீர்ந்தது. அதிலும் பொட்டாசியம் கம்மி. அதன் சீனப் பெயர் 'அமைதி' என்ற சொல் மாதிரியே ஒலிக்கும்.

சீனப் புத்தாண்டுக்கு ஜோடி ஜோடியாக ஆரஞ்சு கொடுப்பார்கள். "வாங்கிக்குங்க, கொடுங்க. அதிர்ஷ்டம் கை மாறினாலே போதும், வயிற்றுக்குள் போகணும்னு இல்லை" என்றார்.

ஒரே ஒரு இடத்தில்தான் குரல் கடுமையானது. நட்சத்திரப் பழம். குளிர்ச்சி என்று ஜூஸ் போட்டுக் குடிப்பார்களே, அது. கிட்னி பழுதானவர்களுக்கு அதில் உள்ள நஞ்சு வெளியேறாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். அந்த நஞ்சு இன்னதென்று 2013-ல் பிரேசில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். "இதில் மட்டும் அரை, கால் கிடையாது. ஒரு துண்டுகூட வேண்டாம்."

கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பற்றியும் எச்சரித்தார். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் சோதித்து, 2021-ல் வெளியான ஆய்வில் அந்த உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது நிஜம்தான். ஆனால் கடுமையான கிட்னி வியாதி உள்ளவர்களை அந்த ஆய்விலேயே சேர்க்கவில்லை.

பச்சிலை மருந்து சாப்பிடுகிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். ஒருவரும் தூக்கவில்லை. "பாக்கெட்டைக் கொண்டு வாங்க, திட்ட மாட்டேன்" என்றதும் நாலு கை உயர்ந்தது. பெல்ஜியம் கதையைச் சொன்னார். 1990-களின் ஆரம்பத்தில் இளைக்க ஆசைப்பட்டுச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் கிட்னி கெட்டுப் போனது. காரணம், 'ஹான் ஃபாங் ஜி' என்ற மூலிகைக்குப் பதில் 'குவாங் ஃபாங் ஜி' என்ற வேறொன்று கலந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்!

கடைசியாக ஒரு பாட்டியை எழுந்து நிற்கச் சொன்னார். டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருஷம். தோளில் சட்டை தொங்கியது. மீன், முட்டை எதையும் தொடுவதில்லையாம். "டாக்டர் சொன்னார்" என்றார் பாட்டி.

"எப்போ சொன்னார்?"

"மூணு வருஷம் முன்னால."

டயட்டீஷியன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அது டயாலிசிஸுக்கு முன்னால் பாட்டி. அப்போ புரோட்டீனைக் குறைக்கணும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு மெஷினில் புரோட்டீனும் கொஞ்சம் போய்விடும். இப்போ அதிகமாகச் சாப்பிடணும். ரூல் மாறிடுச்சு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

தமிழில் சொல்லிக்கொண்டே வந்த தங்கச்சி என்னைப் பார்த்து நிறுத்தினார். "என்னண்ணே, முகம் இப்படி ஆயிடுச்சு?"

இப்போது ஃப்ரிட்ஜ் கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஏழு மாசம். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பேப்பர் அதற்கு ஒன்றரை வருஷம் முந்தியது. இங்கிலீஷ் பேப்பர். பருப்பு கூடாது, முட்டை கூடாது என்று இருந்ததைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஆடிட்டர் மாதிரி அப்பாவின் தட்டைச் சரிபார்த்தவன் நான். ஒருநாள் அம்மா அவருக்கு ஒரு கரண்டி பருப்பு போட்டதற்கு எம்பி எம்பிக் குதித்திருக்கிறேன். அப்பா எட்டு கிலோ இளைத்துவிட்டார். வியாதி இளைக்க வைக்கிறது என்றே நினைத்தோம். அவர் பசியோடு இருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கச்சியிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்களா எதையும் மாத்திடாதீங்கண்ணே. ஆளுக்கு ஆள் ரத்த ரிப்போர்ட் வேற. கடைசி ரிப்போர்ட்டோட அங்க இருக்கற டயட்டீஷியனைப் பாருங்க. அப்பா என்ன சாப்பிடறாருன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அன்று ராத்திரி போன் செய்தேன்.

"அப்பா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நீ எழுதி ஒட்டினதைத்தாண்டா. வேற என்ன?"

"இல்லப்பா... உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஒரு முட்டை கிடைக்குமாடா?" என்றார்.

ஐம்பது வருஷம் சம்பாதித்துப் போட்ட மனுஷன், பிள்ளையிடம் முட்டைக்கு அப்ளிகேஷன் போடுகிறார்.

ஊர் திரும்பும் முன் சைனா டவுனில் அந்தச் சின்னக் கோப்பை ஆறு வாங்கினேன். அங்கிள்தான் பேரம் பேசினார். "உங்க அப்பாவுக்கு என் கணக்குல ஒரு கோப்பை லா" என்று ஒன்றுக்கு அவரே காசு கொடுத்தார்.

வந்த மறுநாளே டயட்டீஷியனைப் பார்த்தோம். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தினம் இரண்டு முட்டை வெள்ளைக் கரு, அளவாகப் பருப்பு, ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் இளநீருக்கும் தடா என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். பழைய பேப்பரை நானே கிழித்தேன். இப்போது மூன்று மாசத்தில் அப்பா இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். தண்ணீர் ஏறின எடை இல்லை, நிஜ எடை என்று அங்கே நர்ஸே சொல்லிவிட்டார்.

கோப்பை என்ன ஆச்சு என்கிறீர்களா? பெருமையாக எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காது இல்லாத கப்புல எனக்குக் குடிக்க வராதுடா" என்று தள்ளிவிட்டார்.

அம்மா ஒன்றும் பேசாமல் பரண் மேலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, உள்ளே துணியில் சுற்றி வைத்திருந்த குட்டி வெள்ளி டம்ளரை எடுத்தாள். என் முதல் பிறந்த நாளுக்கு அப்பா வாங்கினது. எனக்குப் பால் புகட்டின டம்ளர். மூன்று மடக்குக்கு மேல் பிடிக்காது.

அப்பா இப்போது அதில்தான் தண்ணீர் குடிக்கிறார். சிங்கப்பூர்க் கோப்பை ஆறும் ஷோகேஸில் இருக்கின்றன, கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில்.